மாசசூசெட்ஸில் மடிப்பிச்சை

1

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, செடி பிடிக்கும் துரையோடு கப்பலேறி, இப்போது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்னும் சீமையின் கடற்கரைப் பட்டணம் ஒன்றில் குடியிருக்கும் சவரியப்பன், நம் பக்கத்து ஜனங்களுக்கு எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். அதிலும் நான் ரொம்பச் சுகம். வந்த பத்து மாதத்தில் என் மனைவி ஆரோக்கியம் என் சட்டைப் பொத்தான்களை மூன்று தரம் தள்ளித் தைத்துவிட்டாள்.

நேற்று ஆகஸ்ட் ஐந்து, நம் மாதா, பனிமயத் தாயின் திருநாள். அங்கே சப்பரம் தெருச்சுற்றி வந்திருக்கும், வெடி போட்டிருப்பீர்கள். இங்கே நான் போலீஸில் பிடிபட்டேன். யாரும் பயப்பட வேண்டாம், ஆரோக்கியத்தின் அண்ணன்மார் சிரிக்கவும் வேண்டாம். நடந்ததை இன்றைக்கே எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. நேற்று மாலையிலிருந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

2

துரையை உங்களில் பலருக்குத் தெரியும். கூடலூருக்கு மேலே, அணை வேலை நடக்கிற மலைப் பக்கம், பாறை இடுக்கில் முளைக்கும் பெரணிச் செடிகளைப் பிடுங்கிக் காகிதத்துக்குள் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாரே, அவர்தான். நான் அவருக்குச் சமையல்காரன். உலர்ந்த செடியைக் காகிதத்தில் ஒட்டவும் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பும்போது "குடும்பத்தோடு வா" என்றார். அம்மையநாயக்கனூர் வரைக்கும் மாட்டு வண்டி, அங்கிருந்து ரயில், பிறகு கடல்.

செங்கடலில் எங்கள் மகள் பாக்கியத்துக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது வயதுப் பிள்ளை, ஐந்து நாள் கண் திறக்கவில்லை. கப்பல் டாக்டர் நாடி பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். கித்தான் தைக்கிறவன் ஒருவன் வந்து பிள்ளை படுத்திருந்த நீளத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டு போனதை ஆரோக்கியம் பார்த்துவிட்டாள். கப்பலில் செத்தவர்களைக் கித்தானில் சுற்றிக் கடலில் இறக்கிவிடுவார்கள். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேந்துக்கிருங்க, இப்பவே நேந்துக்கிருங்க" என்றாள்.

நான் நேர்ந்துகொண்டேன். "பனிமயத் தாயே, பிள்ளையக் கரை சேத்துரு. அடுத்த திருநாளுக்கு மடிப்பிச்சை எடுத்து அசனம் போடுறேன்."

மறுநாள் பாக்கியம் கண் திறந்து கஞ்சி கேட்டாள்.

அசன முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நேற்று முழுக்க அதை விளக்கி விளக்கி வாய் பழகிவிட்டதால் இங்கேயும் எழுதிவிடுகிறேன். தன் வீட்டுச் சாமானில் சமைக்கக் கூடாது. நேர்ந்தவன் வீடு வீடாக மடியேந்திக் கேட்டு, வந்ததைச் சமைத்து, வருகிற எல்லாருக்கும் போட வேண்டும். பிழைத்த பிள்ளை தன் கையால் முதல் அகப்பை பரிமாற வேண்டும். கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை நேர்ந்தவன் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது.

கடைசி விதியை நேர்ந்துகொண்டபோது நான் யோசிக்கவில்லை. அமெரிக்காவில் சாப்பாடு எப்படியிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

3

முதல் இரண்டு வாரம் பட்டினிதான் கிடந்தேன். துரையின் தமக்கை அபிகேல் அம்மாள் நல்ல மனுஷி. எங்களை முதல் நாள் மேசையில் உட்கார்த்தி, "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டார்கள். நான் மரியாதையாக, "போதும் அம்மா" என்றேன். நம் பக்கம் என்றால் என்ன நடக்கும்? "என்னத்தச் சாப்பிட்டீக, கோழி கொறிச்ச மாதிரி" என்று மூன்று தரம் வற்புறுத்துவார்கள். நாம் கையை இலைக்குக் குறுக்கே நீட்டி மறைப்போம். விரலிடுக்கு வழியாகவே குழம்பை ஊற்றிவிட்டுப் போவார்கள். இந்த ஊரில் போதும் என்றால் பாத்திரம் உள்ளே போய்விடுகிறது. கையை நீட்டி மறைத்தபடி நான் அரை வயிற்றோடு காத்திருந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் வாரம் வெட்கத்தை விட்டேன். அதன் பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை.

சனிக்கிழமை தோறும் இங்கே மொச்சை மாதிரி ஒரு வெள்ளைப் பயறு. அதைப் பன்றிக்கறித் துண்டோடும் வெல்லப்பாகோடும் மண்பானையில் போட்டு அடுப்புக்குள் பூட்டி வைத்துவிடுகிறார்கள். நாள் முழுக்க வெந்து, வாயில் வைத்தால் வெண்ணெயாகக் கரைகிறது. பயற்றில் இனிப்பா என்று முதல் கரண்டிக்கு முகம் சுளித்தேன். நாலாவது கரண்டியில் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கூடவே ஒரு கறுப்பு ரொட்டி. அதைச் சுடுவதில்லை, தகரக் குவளையில் மாவை அடைத்து ஆவியில் அவிக்கிறார்கள். புட்டுக் குழலை அமெரிக்காக்காரர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் கூத்தாட, அபிகேல் அம்மாள் பயந்துபோய்க் கதவோரம் நின்றார்கள்.

பரங்கிக்காயைப் பால், சர்க்கரை, கிராம்பு போட்டு மாவுத் தட்டில் வைத்துச் சுடுகிறார்கள். அதற்குப் பெயர் பை. ஆப்பிளிலும் பை, கறியிலும் பை, ஒன்றும் கிடைக்காவிட்டால் பிஸ்கோத்திலும் பை. காலையிலேயே பை தின்கிறார்கள். நம் பக்கம் தேவாரம் ஊர்க் களத்தில் பரங்கிக்காய் குவிந்துகிடந்தபோது இந்த யோசனை நமக்கு வராமல் போனதே என்று ஒரு வாரம் வருத்தமாக இருந்தது.

துரை ஒருமுறை மெயின் என்னும் வடக்குச் சீமைக்குக் கூட்டிப் போனார். அங்கே இறாலுக்கும் நண்டுக்கும் பிறந்தது போல, முழங்கை நீளத்தில் ஒரு ஜந்து. உயிரோடு கொதிநீரில் போட்டால் கருநீலத்திலிருந்து சிவப்பாகிவிடுகிறது. அதை உடைக்கக் கொட்டாப்புளி மாதிரி ஒரு சுத்தியல் தருகிறார்கள். ஆற்று அயிரையைத் தவிர மீன் அறியாத நான், சுத்தியலோடு சாப்பிட உட்கார்ந்தேன். முதல் அடியில் அதன் கால் பறந்து துரையின் கண்ணாடியில் அடித்தது. இரண்டாவது அடியிலிருந்து எனக்கு எதுவும் காதில் விழவில்லை. அவ்வளவு ருசி.

மார்ச் மாதம் வெர்மான்ட் சீமை. அங்கே மேப்பிள் என்றொரு மரம். பனை ஏறுகிற மாதிரி ஏற வேண்டியதில்லை, நின்றபடியே மரத்தில் துளை போட்டு, வாளி மாட்டி, பதநீரைப் பிடிக்கிறார்கள். காய்ச்சினால் பாகு. அந்தப் பாகைக் கொதிக்கக் கொதிக்கத் தரையில் கிடக்கும் பனியின்மேல் ஊற்றுகிறார்கள். அது மிட்டாயாக இறுகும். அதைச் சுற்றியெடுத்துத் தின்றுவிட்டு, நடுவில் ஒரு புளித்த வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு, மறுபடி மிட்டாய். இது எந்தப் பைத்தியக்காரன் கண்ட சேர்க்கை என்று தெரியவில்லை, அவன் நன்றாக இருக்கட்டும். பிறந்ததிலிருந்து தாயின் பெயரில் மட்டும் கேட்டிருந்த பனியை அன்றுதான் தின்று பார்த்தேன். தின்னும்போதே நேர்ச்சை நினைவு வந்தது. ஐந்து மாதம்தான் இருந்தது.

இன்னொரு ஆளைச் சொல்ல வேண்டும். துறைமுகத்துப் பக்கம் மாலுமிகள் தங்கும் விடுதியில் டெல்ஃபின் என்று ஒரு சமையல்காரி. தெற்கே லூயிசியானாவிலிருந்து வந்த கறுப்பினத்து அம்மாள், நம்மைப் போல் மாதாவைக் கும்பிடும் வேதக்காரிதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பழக்கம். ஒருநாள் அவர்கள் ஊர்க் குழம்பை ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். சோற்றின் மேல் ஊற்றிய குழம்பு, உறைப்பு, வழவழப்பு. உள்ளே கிடந்தது வெண்டைக்காய்! அவர்கள் தம்பி ஊரிலிருந்து வற்றல் போட்டு அனுப்புகிறாராம். நான் நின்றபடியே அழுதுவிட்டேன். காரத்தில் அழுகிறேன் என்று நினைத்து டெல்ஃபின் அம்மாள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான் இன்னொரு கிண்ணம் கேட்டேன்.

4

ஜூலை முடிந்தது. துரையும் தமக்கையும் செடி தேட மெயினுக்குப் போய்விட்டார்கள். "திருநாள் வருது" என்றாள் ஆரோக்கியம். "வருது" என்றேன். எங்கள் பேச்சு அதற்கு மேல் போகாததற்குக் காரணம் பாக்கியம்.

பத்து மாதத்தில் பிள்ளை இந்த ஊர்க்காரியாகிவிட்டாள். எங்களைவிட நூறு மடங்கு நன்றாக இங்கிலீஷ் பேசுகிறாள். கடைக்குப் போனால் நான் அவள் பின்னால் நிற்கிறேன். அது பெருமைதான். ஆனால் வீட்டில் அவள் பரிமாறும்போது நான் வழக்கப்படி "போதும்த்தா" என்றால் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அவள் தப்பில்லை. போதும் என்றால் போதும் என்றுதானே இங்கே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு தரமும் எனக்கு எதுவோ குறைந்தது. பசி மட்டுமில்லை.

நேர்ச்சையைச் சொன்னதும் அவள் முகம் சிவந்துவிட்டது.

"நம்ம வீட்ல ரெண்டு மூட்டை அரிசி கெடக்குப்பா. எதுக்குப் போயி வீடு வீடா கையேந்தணும்? எங்கூடப் படிக்கிற பிள்ளைக வீடெல்லாம் இந்தத் தெருவுலதான் இருக்கு."

"ஒனக்காக நேந்ததுத்தா" என்றாள் ஆரோக்கியம்.

"நானா நேந்துக்கிறச் சொன்னேன்? நான் வரமாட்டேன். அகப்பையும் பிடிக்கமாட்டேன்."

ஆரோக்கியம் என்னைப் பார்த்தாள். பிள்ளை அகப்பை பிடிக்காத அசனம் அசனமில்லை. நேர்ச்சை பாதியில் நின்றால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. இருந்தும் என் பங்கையாவது முடித்துவிடுவோம் என்று திருநாள் காலையில் குளித்து, வேட்டி கட்டி, துண்டை மடியாக ஏந்திக்கொண்டு கிளம்பினேன்.

5

முதல் வீடு ஒரு கிழட்டுக் கப்பல் கேப்டன் வீடு. "தாய் திருநாள், அரிசி தாருங்கள்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கோடரியை எடுத்துக் கொடுத்தார். இந்த ஊரில் பிச்சை கேட்டால் விறகு பிளக்க வேண்டுமாம். பிளந்தேன். உடனே ஒரு முழு ஆப்பிள் பையைக் கொண்டுவந்து படியில் வைத்து, "சாப்பிடு" என்றார். இலவங்கப்பட்டை வாசம் மூக்கில் ஏறியது. காலையிலிருந்து வெறும் வயிறு. தாயை வேண்டிக்கொண்டு பையைத் தூக்கித் துண்டில் வைத்தேன்.

இரண்டாம் வீட்டில் ஒரு விதவை அம்மாள். பானையோடு பயற்றை எடுத்துவந்து, என் முன்னாலேயே நின்று, கரண்டியைக் கையில் திணித்தாள். நான் தலையை ஆட்டி ஆட்டி மறுத்ததைப் பார்த்து வயிறு சரியில்லை என்று முடிவு செய்து விளக்கெண்ணெய்ப் புட்டியோடு வந்துவிட்டாள். பானையை வாங்கிக்கொண்டு ஓடினேன். மூன்றாம் வீட்டில் மக்காச்சோள மாவில் சுட்ட அடை, சூடாக, வெண்ணெய் வழிய. துண்டு நனைந்து என் கையெல்லாம் வெண்ணெய். நக்கக்கூட முடியாத பாவியாக நடந்தேன். நான்காம் வீட்டு மீன்காரன் ஒரு கூடை மட்டிச் சிப்பியையும், மெயினில் நான் சுத்தியலால் அடித்த அந்த ஜந்தில் ஒன்றையும் உயிரோடு கொடுத்தான். வாழ்நாளில் நான் இப்படி வேண்டி வேண்டித் தின்ன நினைத்ததெல்லாம் ஒரே காலையில் என் தோளில் ஏறியது. ஒன்று மட்டும் யாரும் கொடுக்கவில்லை. அரிசி.

ஐந்தாம் வீட்டு அம்மாள் கதவைத் திறந்தாள். வெண்ணெய் ஒழுகும் மூட்டை, இடுப்பில் பயற்றுப் பானை, தோளில் கொடுக்கை ஆட்டும் ஜந்து, வேட்டி கட்டிய நான். படாரென்று கதவு மூடியது. தெருமுனைக்கு வருவதற்குள் கான்ஸ்டபிள் வந்துவிட்டார்.

6

இங்கே வேலையில்லாமல் சுற்றிப் பிச்சை எடுப்பது குற்றம். கான்ஸ்டபிள் என்னை ஊர் மண்டபத்தில் ஒரு மேசைக்கு எதிரே உட்கார்த்தி, கேள்விகள் அச்சடித்த நீளமான பாரம் ஒன்றை எடுத்தார்.

"தொழில் உண்டா?"

"உண்டு. சமையல். செடி ஒட்டுதல்."

"வீடு?"

"உண்டு."

"வீட்டில் சாப்பாடு?"

"இரண்டு மூட்டை அரிசி, ஒரு பீப்பாய் ஆப்பிள், பாதிப் பன்றித்தொடை."

பேனா நின்றுவிட்டது. அவர் பாரத்தைத் திருப்பிப் பார்த்தார். இல்லாமல் கேட்கிறவனுக்கு அதில் எல்லா இடமும் இருந்தது. வைத்துக்கொண்டே கேட்கிறவனுக்கு ஒரு வரிகூட இல்லை. முதலிலிருந்து கேட்டார். நானும் முதலிலிருந்து சொன்னேன், ஆப்பிள் பீப்பாயோடு சேர்த்து. இதற்குள் ஜந்து துண்டிலிருந்து இறங்கி மேசைமேல் நடந்து பாரத்தின்மேல் ஏறிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பிச்சைக்காரர்களை விறகு பிளக்க ஊர்ப் பண்ணைக்கு அனுப்புவதுதான் முறை என்றார். போனால் ஒரு மாதம். அப்போது என் சிரிப்பு நின்றது. திருநாள் இன்றோடு முடிந்துவிடும்.

என்னை இழுத்துப்போனதை விடுதி வாசலிலிருந்து டெல்ஃபின் அம்மாள் பார்த்திருக்கிறார்கள். ஆரோக்கியத்தையும் பாக்கியத்தையும் கையோடு கூட்டிவந்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே தெருப் பிள்ளைகள் கூட்டம், பாக்கியத்தோடு படிக்கிற பிள்ளைகள்தான். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

கான்ஸ்டபிள் குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டார். எனக்கே புரிந்தது. "பயப்படாமல் சொல்லம்மா. உன் அப்பாவுக்குப் புத்தி சரியில்லையா?"

அவள் ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். புத்தி சரியில்லாதவனுக்கு ஒரு வரி பாரத்தில் இருந்தது. என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஊரும் பரிதாபப்பட்டு விட்டிருக்கும், அவளுக்கும் வெட்கம் தீர்ந்திருக்கும். ஆரோக்கியம் என் தோளைப் பிடித்தாள்.

பாக்கியம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். அவள் சொன்னதை அப்புறம் அவளையே தமிழில் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன்:

"இல்ல. நான் கப்பல்ல செத்துப்போகப் பாத்தேன். எங்கப்பா எனக்காகக் கெஞ்சுனாக. பிள்ளையக் குடுத்தா எல்லார்ட்டயும் வாங்கி எல்லாருக்கும் சோறு போடுறேன்னு சொன்னாக. நான் வந்துட்டேன். அதான் கேக்குறாக."

ஜந்து இன்னும் பாரத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிள் அதை முதுகில் பிடித்துத் தூக்கி, பாரத்தை உருவி, கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். உருளைக்கிழங்கோடு பிசைந்து பொரித்த மீன் வடை, நாலு. நாலையும் என் துண்டில் வைத்தார்.

"இந்தச் சாப்பாட்டுக்கு யார் வரலாம்?" என்று பாக்கியத்தைக் கேட்டார்.

"எல்லாரும்."

"கதவைச் சாத்தியவர்களுமா?"

"எல்லாரும்" என்றாள்.

7

அரிசி எங்கிருந்து வந்தது என்றால், டெல்ஃபின் அம்மாளிடமிருந்து. லூயிசியானா அரிசி அரை மூட்டை, வெண்டை வற்றல் ஒரு பொட்டலம். தங்கள் ஊரிலும் இப்படிக் கேட்டு வாங்கிச் சமைத்துப் போடுகிற வேதக்காரர்கள் உண்டு என்று சொல்லிக்கொண்டே, என் அடுப்பை எனக்கு முன்னால் பற்றவைத்தார்கள். மட்டியும் வெண்டையும் போட்டு ஒரு குழம்பு. மிளகாய் எங்கே என்று தேடியபோது, "என்கிட்டயும் கேளுங்க, குடுக்குறேன்" என்று ஆரோக்கியம், கல்யாணச் சேலை முடிச்சிலிருந்து ஊர் மிளகாய் வத்தல் ஒரு பிடி எடுத்தாள். முறைப்படி அவளிடமும் மடியேந்தி வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் ஊர் உட்கார்ந்தது. கேப்டன், விதவை அம்மாள், மீன்காரன், விடுதி மாலுமிகள், தெருப் பிள்ளைகள். கதவைச் சாத்திய அம்மாள் ஒரு ஜாடி வெள்ளரிக்காய் ஊறுகாயோடு வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். "வரிசையா உக்காரணும், ஜெபம் முடியிற வரைக்கும் தொடக் கூடாது" என்று பாக்கியம் இங்கிலீஷில் அதட்ட, எல்லாரும் கையை இழுத்துக்கொண்டார்கள். கேப்டன் தொட்டுவிட்டார், அவருக்குத் தனி அதட்டல்.

முதல் அகப்பையைப் பாக்கியம் கான்ஸ்டபிளுக்குப் போட்டாள்.

என்ன சொல்ல! குழம்பில் ஊறிய சோறு, அதற்குப் பக்கத்தில் இனிப்புப் பயறு, அதன்மேல் சரிந்த ஆப்பிள் பை. நம் மிளகாய் ஊருக்குள் இறங்கியதும் மூக்குறிஞ்சும் சத்தம் வரிசை நெடுக ஓடியது. கேப்டன் கையாலேயே பிசைந்து தின்றார். அழுதார், சிரித்தார், இன்னும் கேட்டார். விதவை அம்மாள் விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கூடவே வைத்திருந்தாள், நல்லவேளையாக யாருக்கும் தேவைப்படவில்லை. நான் வரிசைக்கு மேலும் கீழும் பரிமாறிக்கொண்டு, பசியில் தலை சுற்ற, காலே தரையில் படாமல் திரிந்தேன்.

கடைசியாகக் கான்ஸ்டபிள் எழுந்து கை கழுவினார். ஆரோக்கியம் தலையசைத்தாள். இனி நான் சாப்பிடலாம். புல்லில் உட்கார்ந்தேன். பாக்கியம் எனக்குத் தட்டு வைத்து, சோறு போட்டு, குழம்பு ஊற்றினாள். சட்டியில் இன்னும் ஓர் அகப்பை அளவுக்குத்தான் இருந்தது. அவளும் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று ஆரோக்கியம் அப்போதுதான் சொன்னாள்.

"போதும்த்தா" என்று கையைத் தட்டுக்குக் குறுக்கே நீட்டினேன்.

அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போவாள் என்றுதான் நினைத்தேன்.

"என்னத்தச் சாப்பிட்டீக?" என்று சொல்லி, என் விரலிடுக்கு வழியாக மிச்சக் குழம்பு முழுவதையும் ஊற்றிவிட்டு, அதே தட்டில் சாப்பிட என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.